குமுதாவின் பின்னால் நிற்பவர்

1

இந்தக் கதை என் ரவிக்கையின் இடது கையில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஈப்போ லிட்டல் இந்தியாவில் ஒரு தையல்கடை. அங்கே எனக்குத் தைத்துத் தருபவள் குமுதா. ஒரு தீபாவளிக்குத் தைத்த பச்சை ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். கைமடிப்பில் நேராக ஓடிவந்த தையல் ஓரிடத்தில் தடம் மாறி, துணியின் நடுவெளியில் கொஞ்ச தூரம் அலைந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓரத்துக்குத் திரும்பியிருந்தது. குறை சொல்லத்தான் போனேன். குமுதா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது தப்பிச்சிருச்சிக்கா. மத்ததெல்லாம் பிரிச்சித் தச்சிட்டேன்" என்றாள்.

தையல் அலைந்த அந்த இடத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று கேட்டேன். அவள் சொன்னது பாதி. மீதியை, அவளுடைய சம்மதத்தோடு, அவளுக்கு மருத்துவம் பார்த்த நரம்பியல் நிபுணர் தக்ஷாயினி சொன்னார். பெயர்களை மாற்றிவிட்டேன். [குமுதா என்ற பெயரை அவளேதான் தேர்ந்தெடுத்தாள்.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வெள்ளை விளக்கொளியில் மருத்துவமனைத் தாழ்வாரம் முடிவே இல்லாமல்..."

வேண்டாம். எல்லா மருத்துவமனைக் கதைகளும் அந்தத் தாழ்வாரத்தில்தான் நடக்கின்றன.

"மரங்கள் வரிசையாக நின்றன. நான் அங்கே முன்பே..."

இதைக் குமுதாவுக்குள் இருந்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அது அப்படி இல்ல" என்றாள். பிறகு எப்படி என்று கேட்டதற்கு, கத்தரியை எடுத்துக்கொண்டு துணிக்குத் திரும்பிவிட்டாள். ஆகவே அவளுக்குள் போகிற உரிமை எனக்கு இல்லை என்று புரிந்துகொண்டேன். டாக்டர் தக்ஷாயினியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறேன். அங்கிருந்து எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு.

3

ஒவ்வொரு புதன்கிழமையும் மதியத்துக்குப் பிறகு தக்ஷாயினி, ஈப்போவில் தாம் வேலை செய்யும் மருத்துவமனையின் சிறிய கூட்ட அறையில் கணினிக்கு முன்னால் உட்காருவார். திரையில் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கோலாலம்பூரிலிருந்து மூளை அறுவை நிபுணர் லிம். கூச்சிங்கிலிருந்து நோர்ஹயாத்தி, நோயாளிகளின் நினைவையும் சொல்லாற்றலையும் சோதிப்பது அவர் வேலை. பினாங்கிலிருந்து ஸ்கேன் படங்களை வாசிக்கும் ஒருவர். கேமராவை அணைத்தே வைத்திருப்பதால் அவருடைய சன்னல் கறுப்பாக இருக்கும்.* மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களில் யாருக்கு அறுவை செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது என்பதை இந்த நால்வரும் பேசி முடிவெடுப்பார்கள். ஈப்போ இருக்கிற பேராக் மாநிலத்து நோயாளி ஒருவருக்காக இவர்களை ஒரே மேசைக்கு வரவழைப்பது நடக்கிற காரியமில்லை. இணையம் அந்த மேசையைப் போட்டுக் கொடுத்தது.

தக்ஷாயினிக்கு அந்த நேரம் பிடிக்கும். கூச்சிங்கில் மழை பெய்தால் அதன் சத்தம் ஈப்போ வெயிலில் கேட்கும். லிம்மின் உதடுகள் அசைந்து, கொஞ்சம் தாமதித்துத்தான் குரல் வரும். சில சமயம் எல்லா முகங்களும் உறைந்து நின்றுவிடும், கண்கள் பாதி மூடியபடி. அப்போதெல்லாம், தாங்கள் எல்லாரும் வெவ்வேறு ஊர்க் கட்டில்களில் படுத்துக்கொண்டு ஒரே தூக்கத்தைத் தூங்குகிறோம் என்று அவருக்குத் தோன்றும்.

* இவரைக் கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். அதிகம் பேசவும் மாட்டார், முகமும் இல்லை. ஆனால் குமுதாவின் மூளையில் இருந்த தழும்பை முதலில் கண்டது இவர்தான். இருக்கட்டும்.

4

குமுதா பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஓர் எஸ்டேட்டில். கைக்குழந்தையாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் வந்து, நெடுநேரம் வலிப்பில் இழுத்துக்கொண்டு கிடந்தாளாம். பிழைத்தாள். இடது காதுக்கு மேலே, மூளையின் ஆழத்தில், நினைவுகளைச் சேர்த்துவைக்கும் ஒரு சிறிய பகுதியில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் அது வேலையைக் காட்டத் தொடங்கியது. கீழே விழமாட்டாள், நுரை தள்ளாது. பேச்சை நடுவில் நிறுத்திவிடுவாள். உதடுகள் எதையோ சுவைப்பதுபோல் அசையும். கைவிரல்கள் துணியைப் பிசைந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "என்ன சொன்னீங்க?" என்பாள். பகல்கனவு காண்கிறாள் என்று ஆசிரியர்கள் தலையில் குட்டினார்கள்.

மருந்துகள் மாறின, கூடின. வலிப்பு நிற்கவில்லை. யுகேந்திரன் எல்லாம் தெரிந்துதான் அவளைக் கட்டிக்கொண்டான். சிம்பாங் பூலாயில் கல் உடைக்கும் மலையிலிருந்து லோரி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். ஒரு பெண்குழந்தை பிறந்தது.

[குமுதாவை 'அவள்' என்றும், டாக்டரை 'அவர்' என்றும் எழுதிக்கொண்டு போகிறேன். பாதியில்தான் கவனித்தேன். மாற்றி எழுதி வாசித்துக் காட்டினேன். குமுதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆகவே அப்படியே விட்டேன், மனம் ஒப்பாமல்.]

குழந்தை உட்காரத் தொடங்கியிருந்த சமயம். பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் குமுதா. குழந்தையின் முதுகைத் தாங்கியிருந்த கை எப்போது தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்த யுகேந்திரனுக்குக் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. போய்ப் பார்த்தான். மனைவி சுவரைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

தூக்கிவிட்டான். குழந்தை இருமி, அழுது, உயிரோடு இருந்தது. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் முதல் அவனுடைய அக்கா புனிதா வந்து குளிப்பாட்டினாள். மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் யாராவது இருந்தால் மட்டும் குமுதா குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அந்த வாரமே அவள் தானாகத் தக்ஷாயினியிடம் வந்து, வெட்டி எடுத்துவிடலாம் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்களே, அது இன்னும் முடியுமா என்று கேட்டாள்.

5

அறுவைக்கு முன்னால் நினைவுச் சோதனை. நோர்ஹயாத்தி கூச்சிங்கிலிருந்தே திரை வழியாக அதைச் செய்தார். அவரிடம் இருந்த சொற்பட்டியல் மலாயில் இருந்தது. குமுதாவுக்கு மலாய் தெரியும். ஆனால் கனவிலும் கோபத்திலும் அவள் தமிழில்தான் இருக்கிறாள் என்பதால், தமிழிலேயே சோதிப்பது சரி என்று நோர்ஹயாத்தி சொன்னார். பட்டியலைத் தமிழாக்கியது தக்ஷாயினி.

தக்ஷாயினியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்த்த குடும்பம். வீட்டில் பாதி ஆங்கிலம், பாதி செல்லாச்சிப் பெரியம்மாவின் தமிழ். அந்தத் தமிழில் பட்டியல் அமைந்தது. தக்ஷாயினி கதிரை என்று வாசித்தால் குமுதா நாற்காலி என்று திருப்பிச் சொன்னாள். சோப்பைச் சவர்க்காரம் என்றால் சவுக்காரம் என்றாள். தமிழ் தெரியாத நோர்ஹயாத்தி ஒலியை வைத்துத் தவறு, தவறு என்று குறித்துக்கொண்டார். சோதனையின் முடிவு: நினைவு ஏற்கனவே பலவீனம்.

லிம்முக்கு அது நல்ல செய்தி. அந்தப் பக்கத்தில் இழப்பதற்கு அதிகமில்லை, தயங்காமல் செய்யலாம் என்றார்.

அடுத்த புதன்கிழமைக்குள் தக்ஷாயினி சோதனையின் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டார். காரில் கேட்டார். சிம்பாங் பூலாய் சுண்ணாம்பு மலைகளைத் தாண்டும்போது அவருக்கு உறைத்தது. குமுதா எதையும் மறக்கவில்லை. டாக்டரின் சொல்லை வாங்கி, தன் வீட்டுச் சொல்லாக மாற்றிக் கொடுத்திருக்கிறாள். நாற்காலி சரியான விடை.

சோதனை திரும்ப நடந்தது. குமுதாவின் நினைவு திடமாக இருந்தது. சராசரியைவிட மேலே. தக்ஷாயினி மகிழ்ந்தார், ஒரு நிமிடம்தான். தழும்பு பட்ட அந்த இடம் இன்னும் வேலை செய்கிறது என்றால், அதை வெட்டும்போது போவதும் அதிகம். பெயர்கள் போகலாம். புதிதாகக் கேட்பவை தங்காமல் போகலாம். பிழையைத் திருத்தியதால் முடிவு எளிதாகவில்லை, கடினமாகிவிட்டது. லிம் அறுவை என்றார். நோர்ஹயாத்தி கூடாது என்றார். பினாங்குச் சன்னல் கறுப்பாகவே இருந்தது.

பிறகு நோர்ஹயாத்திதான் சொன்னார்: இவ்வளவு நாள் குமுதாவைப் பற்றிப் பேசுகிறோம், ஒருமுறை எல்லாருமாக அவரோடு பேசலாமே.

6

[இந்தப் பகுதியை ஐந்தாறு முறை எழுதிவிட்டேன். "அன்று ஈப்போவிலும் கூச்சிங்கிலும் ஒரே மழை" என்று ஒருமுறை. டாக்டரிடம் கேட்டேன். அன்று மழை இல்லை என்றார். நல்ல வெயிலாம்.]

குமுதா மஞ்சள் சுரிதார் போட்டு, தலை வாரி, கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல் வந்திருந்தாள். தக்ஷாயினி பக்கத்தில் உட்காரவைத்தார். லிம் மெதுவான மலாயில், எதை எடுப்போம், என்ன கிடைக்கும், என்ன போகலாம் என்று விளக்கினார். கணவர் பெயர்கூடச் சட்டென்று நாவில் வராமல் போகலாம் என்றார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேள்வி ஏதும் உண்டா என்றார்கள். அவள் தக்ஷாயினி பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள்.

"டாக்டர், வெட்டுனா அவரு என்ன ஆவாரு?"

"யார்?"

"பின்னால நிப்பாரே."

இத்தனை ஆண்டுகளில் அந்த 'அவரை'ப் பற்றித் தக்ஷாயினி கேட்டதே இல்லை. வலிப்புக்கு முன்னால் கருகல் வாசம் வருகிறதா, வயிற்றிலிருந்து ஏதாவது எழும்புகிறதா என்று கேட்டிருக்கிறார். அவள் ஆமாம், இல்லை என்று சொல்லியிருக்கிறாள். "சொல்லுங்கோ" என்றார் இப்போது.

குமுதா சொல்லச் சொல்ல, தக்ஷாயினி மற்றவர்களுக்கு மலாயில் சொன்னார். வலிப்பு வருவதற்கு முன்னால் அவள் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குள் இருப்பாள். மரங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ரப்பர்ப் பால் பிடிக்கிற ஒரு சின்ன மங்கு, அதற்குள் வெளிச்சம் பால்போல் சொட்டும். அவள் அங்கே எப்போதுமே இருந்துவருகிறவள்போல் இருக்கும். அவள் பிறப்பதற்கு முன்பே அவளுடைய எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட வரிசையை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. முதுகுக்குப் பின்னால், சில மரங்கள் தள்ளி, ஒருவர் நிற்பார். அவளை நன்றாகத் தெரிந்தவர். அவள் பெயரைக் கூப்பிடப்போகிறவர். கூப்பிடமாட்டார். கூப்பிடப்போகிறார் என்பது மட்டும் இருக்கும்.

"அவ்வளவு சந்தோசமா இருக்கும் டாக்டர். பாப்பா பொறந்தப்பகூட எனக்கு அப்படி..."

நிறுத்தினாள். வாக்கியத்தை முடிக்க வெட்கப்படுகிறாள் என்றுதான் தக்ஷாயினி முதலில் நினைத்தார். பிறகு, மடியில் அவளுடைய விரல்கள் சால்வையின் ஓரத்தைப் பிசையத் தொடங்கியதைப் பார்த்தார்.

 வலிப்பைப் பார்த்துப் பழகியவர்கள்தான் எல்லாரும். ஆனால் குமுதாவின் வலிப்பில் அதுவரை அவர்கள் பார்த்தது, தாளில் ஓடும் அலைகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களையும். இப்போது திரையில் ஒரு முகம் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. குமுதாவின் கண்கள் கேமராவைத் தாண்டி எங்கோ பார்த்தன. தோள் கொஞ்சமாகத் திரும்பியது. பின்னாலிருந்து வருகிற குரலுக்குக் காது கொடுக்கிற பெண், அது யார் என்று ஏற்கனவே தெரிந்த பெண், திரும்புவதற்கு முன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. இணையம் தடைப்பட்டுவிட்டதோ என்று தோன்றும்படி நான்கு ஊர்களும் அசையாமல் இருந்தன.

தக்ஷாயினிக்கு அப்போது வந்தது இரக்கமில்லை, பொறாமை. தன்னை அப்படி யாரும் கூப்பிடப்போனதே இல்லை என்று நினைத்தார். [இதை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எழுதுங்கோ" என்றார்.]

குமுதா திரும்பி வந்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று கேட்டாள்.

லிம் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அறுவை என்று அத்தனை வாரமும் அடித்துச் சொன்னவர், அவசரமில்லை, இன்னும் ஒரு புதிய மருந்தைப் பார்க்கலாம், வீட்டில் பேசிவிட்டு வரட்டும் என்று மலாயில் சொல்லத் தொடங்கினார். குமுதா அவரை முடிக்கவிட்டாள். பிறகு தக்ஷாயினியிடம் தமிழில் சொன்னாள்.

"அவரு கூப்பிடப் போறாருன்னு நான் திரும்புறேன் டாக்டர். அந்த நேரத்துல பாப்பா என் கையில இருக்கு. எடுத்துருங்க."

என்ன சொன்னார் என்று கூச்சிங்கிலிருந்து கேட்டார்கள். தக்ஷாயினி மொழிபெயர்த்துச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. மூன்றே வாக்கியம்தான். 

7

எழுதி அடித்த முடிவுகள்:

அறுவைக்கு முந்தின நாள் குமுதா மருத்துவமனையிலிருந்து... இல்லை. அவள் ஓடிப்போகிறவள் இல்லை. யுகேந்திரன் லோரி வேலைக்குப் போகாமல், நண்பனின் காரை இரவல் வாங்கி, அவளைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போனான். வழியில் தாப்பாவில் நிறுத்தி டீ குடித்தார்கள். அவள் இரண்டு கிளாஸ் குடித்தாளாம். அதுதான் நடந்தது.

அறுவையின்போது லிம்மின் கத்தி அந்த இடத்தைத் தொட்டதும், மயக்கத்திலேயே குமுதா ஒரு பெயரைச்... இது வெட்கக்கேடு. எழுதியது நான்தான். அடித்துவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே தக்ஷாயினி காரை நிறுத்துகிறார். இறங்குகிறார். முதுகுக்குப் பின்னால் சில மரங்கள் தள்ளி... இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு வாரம் வைத்திருந்தேன். டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்றார். அதன் பிறகு அதை எப்படி வைத்திருப்பது?

8

நடந்தது இது. அறுவை நல்லபடியாக முடிந்தது. தலையில் கட்டோடு கண் விழித்த குமுதா, யுகேந்திரனைப் பார்த்தாள். அவன் பெயர் வரவில்லை. "இந்தாங்க" என்றாள். எப்போதும் அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள் என்பதால், பெயர் வரவில்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. நர்ஸ் அவனைப் பெயர் சொல்லி அழைத்தபோது அதைக் கவ்விப் பிடித்து, நாள் முழுக்க வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டாள்.

சில சொற்கள் போயின. தையல் இயந்திரத்தில் நூல் சுற்றுகிற உருளைக்கு என்ன பெயர் என்பது போயிற்று. "அந்தக் குட்டிச் சக்கரம்" என்கிறாள். வாடிக்கைக்காரப் பெண்கள் பலருடைய பெயர் போயிற்று. என் பெயர் போயிற்றா என்று நான் கேட்கவில்லை. நான் அவளுக்கு எப்போதும் அக்காதான்.

வலிப்பு அதன் பிறகு வரவில்லை. ஒரு தடவைகூட.

அவள் மீண்டும் குழந்தையைக் குளிப்பாட்டிய முதல் நாளைப் பற்றிச் சொன்னவள் புனிதா. தான் குளியலறை வாசலில் நின்றாளாம், உள்ளே போகாமல், விலகிப் போகவும் முடியாமல். குழந்தை பெரிதாகிவிட்டிருந்தது, தொட்டியில் அடங்கவில்லை. தண்ணீரை அள்ளி அம்மாவின் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. குமுதா ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லையாம். முழுக்க முழுக்க அங்கேயே இருந்தாளாம். "பாக்கவே பயமா இருந்திச்சி" என்றாள் புனிதா.

9

அறுவைக்குப் பிறகு ஓராண்டு கழித்து ஒரு புதன்கிழமை, நால்வரும் குமுதாவை இன்னொருமுறை பார்க்க விரும்பினார்கள். அவள் மருத்துவமனைக்கு வரவில்லை. கடையிலிருந்தே கைத்தொலைபேசியில் சேர்ந்தாள். தைத்து மாட்டிய ரவிக்கைகள் அவளுக்குப் பின்னால் மின்விசிறிக் காற்றில் ஆடின. லிம் தழும்பைப் பார்க்க வேண்டும் என்றார். முடியை விலக்கிக் காட்டினாள். நோர்ஹயாத்தி சில சொற்களைக் கேட்டார். சிலவற்றைச் சொன்னாள், சிலவற்றுக்குச் சுற்றி வளைத்து வந்தாள், சிலவற்றுக்குச் சிரித்தாள். எல்லாருக்கும் திருப்தி. மருத்துவக் கட்டுரையாக எழுதலாம் என்றுகூடப் பேச்சு வந்தது.

முடிக்கும்போது நோர்ஹயாத்தி ஒன்று கேட்டார். இது சோதனையில் இல்லாத கேள்வி, விருப்பமிருந்தால் சொன்னால் போதும் என்றார். பின்னால் நின்றவர் இப்போது என்ன ஆனார்?

தக்ஷாயினி அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குமுதா மலாயிலேயே புரிந்துகொண்டாள். தலையைக் குனிந்து, கையிலிருந்த துணியை மடித்தாள். பிறகு, "இத்தன பேரு இருக்கும்போது சொல்லணுமா டாக்டர்?" என்றாள்.

தக்ஷாயினி மற்றவர்களிடம் விளக்கினார். அவர்கள் புரிந்துகொண்டார்கள். பினாங்கின் கறுப்புச் சன்னல் முதலில் மறைந்தது. லிம் கையைத் தூக்கி விடைபெற்றார். கை அசைந்து முடிப்பதற்குள் சன்னல் போய்விட்டது. நோர்ஹயாத்திக்கு, தாம் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காமல் போகிற வருத்தம் இருந்திருக்க வேண்டும். கூச்சிங் கொஞ்சம் தாமதித்துத்தான் மூடியது.

இதுவரைதான் டாக்டர் எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியதை எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. குமுதாவிடமும் போனேன். என் புதுத் துணியை வாங்கி, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கை எவ்வளவு நீளம் வைக்கிறது?" என்றாள்.

அவர் போய்விட்டார் என்று முடிக்க என்னால் முடியும். போகவில்லை, வலிப்பு இல்லாமலே இப்போதும் வருகிறார் என்றும் முடிக்கலாம். கடைசியில் கூப்பிட்டே விட்டார் என்றுகூட. மூன்றையும் எழுதினேன். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. மூன்றிலும் அவளுடைய குரல் இல்லை, என்னுடையதுதான் இருந்தது.

திரையில் இப்போது ஈப்போவின் கூட்ட அறையும் தையல்கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மின்விசிறி சுற்றுகிறது. தக்ஷாயினி காத்திருக்கிறார். குமுதா வாயைத் திறக்கப்போகிறாள். ஆனால் இன்னும் இரண்டு சன்னல்கள் மூடப்படாமல் இருக்கின்றன. ஒன்று என்னுடையது; இந்த வரியோடு அதை மூடிவிட்டேன்.

மற்றது உங்களுடையது. நீங்கள் போகும்வரை குமுதா பேசமாட்டாள்.